ஐந்து புள்ளி, நான்கு காய்: ஆட்ட உத்தியைத் தர்க்க விதிகளாக எழுதுவது எப்படி?

போன மாதம் அக்கா மகனோடு உட்கார்ந்து ஒரு சின்ன ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். சீனாவில் பொங் ஹாவ் கி என்றும் கொரியாவில் உமுல் கோனு என்றும் இதைச் சொல்கிறார்கள். ஒரு சதுரம், அதற்குள் இரண்டு மூலைவிட்டங்கள், அவ்வளவுதான் பலகை. சதுரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் வரையாமல் விட்டுவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு காய். அவனுக்குப் புளியங்கொட்டை, எனக்குச் சட்டைப் பொத்தான்.

நிறைய ஆட்டங்கள் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தன. அப்புறம் ஒரு ஆட்டத்தில் சட்டென்று என் இரண்டு பொத்தானும் மாட்டிக்கொண்டன. "மாமா, நீங்க எந்த இடத்துல தப்புப் பண்ணீங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கடைசி நகர்வா, அதற்கு முந்தையதா, முதல் நகர்விலேயே தோற்றுவிட்டேனா? எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவே விதிகளைத் தர்க்கமாக எழுதிப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் ஒரே இடத்தில் மாட்டி, பிறகு விடை கிடைத்தது. அதே பாதையில் உங்களையும் அழைத்துப் போகிறேன்.

எழுதியது ப்ரோலாக் என்ற தர்க்க நிரலாக்க மொழியில். அதைக் கணினியில் நிறுவுவது, ஃபைலைத் திறந்து ஏற்றுவது எல்லாம் இங்கே இல்லை. அதற்கு வேறு பக்கங்கள் ஏராளமாக இருக்கின்றன.

படி 1: முதலில் காகிதம்

பலகை இது:

1 . . . . . 2
| \ . . . / |
| . . 5 . . |
| / . . . \ |
3 --------- 4

1-க்கும் 2-க்கும் இடையே கோடு இல்லை. மற்ற மூன்று பக்கங்களும் உண்டு. 5 நடுப்புள்ளி, நான்கு மூலைகளோடும் இணைந்தது. ஆக மொத்தம் ஏழு கோடுகள். தொடக்கத்தில் ஒருவர் காய்கள் 1, 2-இல், மற்றவர் காய்கள் 3, 4-இல், நடு காலி. தன் முறையில் ஒரு காயைக் கோட்டின் வழியே காலிப் புள்ளிக்குத் தள்ள வேண்டும். வெட்டு கிடையாது, தாண்டுதல் கிடையாது. தள்ள வழியில்லாதவர் தோற்றார்.

கணினியைத் தொடும் முன் இந்த மூன்று வாக்கியங்களைக் காகிதத்தில் எழுதுங்கள்:

என் முறை வந்தும் எனக்கு நகர்வே இல்லை என்றால் நான் தோற்றேன்.

எதிரியைத் தோற்கும் நிலையில் கொண்டுபோய் நிறுத்தும் நகர்வு *ஒன்றாவது* எனக்கு இருந்தால், நான் ஜெயிக்கிறேன்.

*எந்த* நகர்வை ஆடினாலும் எதிரி ஜெயிக்கும் நிலைக்கே போகிறது என்றால், நான் தோற்கிறேன்.

"ஒன்றாவது", "எந்த" இரண்டையும் அடிக்கோடிடுங்கள். தர்க்கத்தில் இவைதான் ∃, ∀ என்ற குறிகள். உத்தி என்ற சொல்லின் உயிர் இவை இரண்டும் மாறி மாறி வருவதில் இருக்கிறது: எனக்கு ஒரு நகர்வு உண்டு, அதற்கு எதிரி எதை ஆடினாலும், எனக்கு இன்னொரு நகர்வு உண்டு, அதற்கும் எதிரி எதை ஆடினாலும்... இப்படியே போகும்.

முதல் வாக்கியம் மூன்றாவதுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்பதைக் கவனித்தீர்களா? நகர்வே இல்லாதவனுக்கு "எந்த நகர்வை ஆடினாலும்" என்பது தானாகவே உண்மை. ஆட வழி இருந்தால்தானே பொய்யாக்க முடியும்? இதனால் பிறகு ஒரு விதி மிச்சமாகும்.

படி 2: கருவி

நான் எஸ்.டபிள்யூ.ஐ. ப்ரோலாக் பயன்படுத்துகிறேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் 1987-இல் யான் வீலேமேக்கர் தொடங்கியது, இலவசம், இன்றும் வளர்கிறது. பைத்தான் தெரிந்தவர்கள் "அதிலேயே எழுதலாமே" என்பார்கள். எழுதலாம்தான். ஆனால் பைத்தானில் உங்கள் கவனமெல்லாம் எப்படித் தேடுவது என்பதிலேயே போய்விடும். வெற்றி என்றால் என்ன என்ற கேள்வியில் நாள்கணக்கில் நின்று பார்க்க ப்ரோலாக்தான் சரி. பழகும் காலத்தில் இதைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு: விதிகளைத் தமிழிலேயே எழுதலாம். ப்ரோலாக்கில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குவது மாறி, அதாவது மதிப்பு பிறகு கிடைக்கும் இடம்; சிறிய எழுத்தில் தொடங்குவது பெயர். தமிழில் அந்தப் பேதம் இல்லாததால் மாறிகளை அடிக்கோட்டில் தொடங்க வேண்டும்: _ந, _ம என்று. மற்றபடி நான்கு குறிகள் போதும். :- என்பதை "என்றால்" என்று வலமிருந்து இடமாகப் படியுங்கள். காற்புள்ளி "மேலும்". முற்றுப்புள்ளி விதியை முடிக்கிறது. \+ என்பது "நிறுவ முடியாவிட்டால்". இந்தக் கடைசிக் குறியை நினைவில் வையுங்கள்; என் இரண்டு நாளையும் தின்றது அதுதான்.

மாறிகளின் பெயர் பற்றி ஏதாவது எச்சரிக்கை வந்தால் கடந்து போகலாம். பிழை என்று வந்தால் மட்டும் நில்லுங்கள்.

படி 3: நிலையும் நகர்வும்

ஐந்து புள்ளிகளை ஐந்து இடம் உள்ள பட்டியலாக எழுதுகிறேன், 1 முதல் 5 வரை வரிசையாக. ஒவ்வொரு இடத்திலும் நான், எதிரி, காலி மூன்றில் ஒன்று. தொடக்க நிலை:

[நான், நான், எதிரி, எதிரி, காலி]

இங்கே "நான்" என்றால் இப்போது யாருடைய முறையோ அவர். பொத்தான், புளியங்கொட்டை என்று எழுதினால் யார் முறை என்பதையும் தனியாகச் சுமக்க வேண்டியிருக்கும். மொத்தம் 60 நிலை வரும். முறைக்காரர் கண்ணிலிருந்தே பார்த்தால் பாதி போதும்: காலி இருக்க 5 இடம், மீதி நான்கில் என் இரண்டு காயை வைக்க 6 வழி, ஆக 30.

இந்த 30-ஐயும் கையால் எழுதினேன். உருவாக்கித் தரும் விதி எழுதலாம், ஆனால் ஒருமுறை கையால் எழுதினால் ஆட்டம் கண்ணுக்குள் பதிந்துவிடும்.

நிலை([நான், நான், எதிரி, எதிரி, காலி]).
நிலை([நான், எதிரி, நான், எதிரி, காலி]).

இப்படி மீதி 28. எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள். எனக்கு முதல்முறை 29-தான் வந்தது. விட்டுப்போன வரியைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் போனது.

அடுத்து கோடுகள். ஏழு கோடு, ஒவ்வொன்றிலும் இரண்டு திசை, ஆக 14 வரி. 1-5 கோட்டுக்கு:

தள்ளு([நான், _ஆ, _இ, _ஈ, காலி], [காலி, _ஆ, _இ, _ஈ, நான்]).
தள்ளு([காலி, _ஆ, _இ, _ஈ, நான்], [நான், _ஆ, _இ, _ஈ, காலி]).

1-3 கோட்டுக்கு:

தள்ளு([நான், _ஆ, காலி, _ஈ, _உ], [காலி, _ஆ, நான், _ஈ, _உ]).
தள்ளு([காலி, _ஆ, நான், _ஈ, _உ], [நான், _ஆ, காலி, _ஈ, _உ]).

2-4, 3-4, 2-5, 3-5, 4-5 கோடுகளுக்கும் இதே மாதிரி. 1-2 கோட்டை எழுதிவிடாதீர்கள்; ஆட்டமே அந்த இல்லாத கோட்டில்தான் இருக்கிறது.

காயைத் தள்ளியதும் முறை மாறுகிறது. அதாவது நான் எதிரியாகிறேன், எதிரி நான் ஆகிறான். (கீழே [_அ|_மீ] என்பதில் _அ பட்டியலின் முதல் இடம், _மீ மீதிப் பட்டியல்.)

மாறு(நான், எதிரி).
மாறு(எதிரி, நான்).
மாறு(காலி, காலி).

புரட்டு([], []).
புரட்டு([_அ|_மீ], [_ஆ|_மி]) :- மாறு(_அ, _ஆ), புரட்டு(_மீ, _மி).

நகர்வு(_ந, _ம) :- தள்ளு(_ந, _இடை), புரட்டு(_இடை, _ம).

ஆட்டத்தின் விதிகள் இத்தோடு முடிந்தன. ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் ஜெனசெரத்தின் குழு உருவாக்கிய ஆட்ட விவரிப்பு மொழியும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். எந்த ஆட்டத்தின் விதியைக் கொடுத்தாலும் படித்துப் புரிந்துகொண்டு ஆடும் நிரல்களுக்கான போட்டி 2005-இல் தொடங்கியது. அதில் விதிகள் அந்த மொழியில்தான் வந்தன. தொடக்க நிலை எது, எந்த நகர்வு செல்லும், அடுத்து என்ன நிலை வரும், எப்போது ஆட்டம் முடியும், யாருக்கு எவ்வளவு மதிப்பெண்: இந்த ஐந்தையும் சொல்லிவிட்டால் ஆட்டம் முழுதாகச் சொன்னதாகிவிடும்.

படி 4: வெற்றி என்றால் என்ன?

இங்கே நிதானமாகப் போவோம்.

தர்க்க நிரலாக்கம் பற்றிப் படித்தவர்கள் எல்லாருக்கும் ஒரு புகழ்பெற்ற ஒற்றை வரி தெரிந்திருக்கும்:

வெற்றி(_ந) :- நகர்வு(_ந, _ம), \+ வெற்றி(_ம).

"எதிரி ஜெயிக்க முடியாத நிலைக்கு எனக்கு ஒரு நகர்வு இருந்தால் நான் ஜெயிக்கிறேன்." ரொம்ப அழகான வரி. குவியலிலிருந்து ஒன்று, இரண்டு அல்லது மூன்று கல் எடுக்கும் ஆட்டத்துக்கு இது கச்சிதமாக வேலை செய்யும், ஏனென்றால் கல் குறைந்துகொண்டே போகும், ஒருநாளும் திரும்ப வராது. நானும் இதைத்தான் எழுதினேன். தொடக்க நிலை வெற்றியா என்று கேட்டேன். கணினி யோசித்தது, யோசித்துக்கொண்டே இருந்தது, கடைசியில் ஸ்டாக் (தற்காலிக நினைவிடம்) நிறைந்துவிட்டது என்று சொல்லி நின்றது.

காரணம் எளிது. நம் ஆட்டத்தில் காய்கள் சுற்றி வந்து பழைய நிலைக்கே திரும்பும். வெற்றியா என்று கேட்டால் அடுத்ததைப் பார், அது வெற்றியா என்றால் அதற்கடுத்ததைப் பார் என்று போய், மறுபடி புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது.

சரி, ஆழத்துக்கு ஒரு வரம்பு வைப்போம் என்று முடிவு செய்தேன். தவறு தொடங்கியது இங்கேதான். எத்தனை நகர்வு வரை பார்க்கலாம் என்பதை இரண்டாவது இடத்தில் வைத்தேன். 0, அடுத்து(0), அடுத்து(அடுத்து(0)) என்று எண்ணிக்கை:

வெற்றி(_ந, அடுத்து(_எ)) :- நகர்வு(_ந, _ம), \+ வெற்றி(_ம, _எ).

இப்போது நிரல் ஓடியது, உடனே விடை தந்தது. வரம்பு 1: 30 நிலைகளில் 28 வெற்றி. வரம்பு 2: 4 வெற்றி. வரம்பு 3: மறுபடி 28. வரம்பு 4: மறுபடி 4. தொடக்க நிலை ஒற்றைப்படை வரம்பில் வெற்றி, இரட்டைப்படை வரம்பில் வெற்றி இல்லை. எவ்வளவு ஆழம் போனாலும் 28, 4, 28, 4 என்று ஆடிக்கொண்டே இருந்தது.

தள்ளு வரிகளில் எங்கோ பிழை என்று நினைத்து 14 வரியையும் மூன்று முறை சரிபார்த்தேன். அவற்றில் பிழை இல்லை. பிழை \+ குறியைப் படித்த விதத்தில் இருந்தது.

அந்தக் குறி "பொய்" என்று சொல்வதில்லை. "கையில் இருக்கும் விதிகளை வைத்து நிறுவ முடியவில்லை" என்று மட்டுமே சொல்கிறது. தோல்வியே மறுப்பு என்ற இந்த முறையை கணினி அறிஞர் கீத் கிளார்க் 1978-இல் முறைப்படி விளக்கினார். வரம்பு 0-க்கு வந்ததும் வெற்றி(_ம, 0) என்பதை நிறுவ விதியே இல்லை. "இதற்கு மேல் பார்க்கவில்லை, தெரியாது" என்பதுதான் அங்கே நேர்மையான பதில். என் விதியோ அதை "எதிரியால் ஜெயிக்க முடியாது" என்று எடுத்துக்கொண்டது, உடனே "அப்படியானால் நான் ஜெயித்தேன்" என்று மேலே அனுப்பியது. ஒவ்வொரு அடுக்கிலும் அந்தத் தெரியாமை வெற்றி, தோல்வி, வெற்றி என்று வேடம் மாறிக்கொண்டே மேலே ஏறியது.

அதாவது, "வெற்றி இல்லை" என்பதும் "தோல்வி" என்பதும் வேறு வேறு. கல் எடுக்கும் ஆட்டத்தில் இரண்டும் ஒன்று. சுற்றிவரும் ஆட்டத்தில் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது. சதுரங்கத்துக்குக் கணித அறிஞர் எர்ன்ஸ்ட் செர்மெலோ 1913-இலேயே இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லிவிட்டார்: வெள்ளை கட்டாயம் ஜெயிக்கலாம், அல்லது கறுப்பு கட்டாயம் ஜெயிக்கலாம், அல்லது இருவருமே தோற்காமல் தப்பிக்கலாம். காகிதத்தில் நானே எழுதிய மூன்று வாக்கியங்களில் மூன்றாவதை விதியாக எழுதாமல், முதல் இரண்டை வைத்துக் குறுக்கு வழியில் போனதுதான் கோளாறு.

ஆகவே தோல்வியைத் தனியாக வரையறுக்க வேண்டும்:

வெற்றி(_ந, அடுத்து(_எ)) :- நகர்வு(_ந, _ம), தோல்வி(_ம, _எ).

தோல்வி(_ந, _எ) :- நிலை(_ந), \+ தப்பிக்கலாம்(_ந, _எ).

தப்பிக்கலாம்(_ந, _எ) :- நகர்வு(_ந, _ம), \+ வெற்றி(_ம, _எ).

"எந்த நகர்வை ஆடினாலும்" என்பதை ப்ரோலாக்கில் நேரடியாகச் சொல்ல முடியாததால் "தப்பிக்க ஒரு நகர்வும் இல்லை" என்று சுற்றிச் சொல்கிறோம். தர்க்கத்தில் இரண்டும் ஒன்றுதான்.

இங்கேயும் \+ இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் இப்போது வரம்புக்கு வெளியே இருப்பது எதுவும் தோல்வியாக மாறுவதில்லை. வெற்றி(_ம, 0) நிறுவ முடியவில்லை என்றால் "தப்பிக்கலாம்" என்றுதான் ஆகிறது. தெரியாத இடத்தில் தோல்வி என்று முத்திரை குத்தாமல், தப்பிக்க வழி இருக்கலாம் என்று விட்டுவைக்கிறோம். மறுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

இப்போது கேட்டுப் பாருங்கள்:

?- நிலை(_ந), தோல்வி(_ந, 0).

இரண்டு விடை: [காலி, நான், எதிரி, நான், எதிரி], [நான், காலி, நான், எதிரி, எதிரி]. ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். காலி 1 அல்லது 2-இல் இருந்தால்தான் மாட்டுவோம், ஏனென்றால் அங்கே வந்து சேரும் கோடுகள் இரண்டே. 3-க்கும் 4-க்கும் மூன்று கோடுகள் வருகின்றன, நடுவுக்கு நான்கு. இரண்டு காயை வைத்துக்கொண்டு எதிரியால் அவற்றை அடைக்க முடியாது.

?- நிலை(_ந), வெற்றி(_ந, அடுத்து(0)).

நான்கு விடை. அடுத்த அடுக்கு, அடுத்து(அடுத்து(0)), போட்டாலும் அதே நான்கு. தோல்வியை அடுத்து(0)-க்குக் கேட்டாலும் அதே இரண்டு. ஒரு அடுக்கில் புதிதாக எதுவும் சேரவில்லை என்றால் இனி எந்த அடுக்கிலும் சேராது, நிறுத்திவிடலாம். ஆக 30-இல் 2 தோல்வி, 4 வெற்றி, மீதி 24 சமநிலை. தொடக்க நிலை சமநிலையில் இருக்கிறது. எங்கள் ஆட்டங்கள் முடிவில்லாமல் சுற்றியதில் வியப்பே இல்லை.

முதலில் எழுதிய ஒற்றை வரி ஏன் ஓடாமல் நின்றது என்பதும் இப்போது புரிகிறது. அது ஒரு நிலைக்கு விடை சொல்லி முடித்தால் அந்த விடை வெற்றி அல்லது தோல்வியாகத்தான் இருக்க முடியும். சமநிலைக்கு அதனிடம் வார்த்தையே இல்லை. அதனால் அந்த 24 நிலைகளில் எதைக் கேட்டாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கிளிங்கோ என்று போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான இன்னொரு கருவி இருக்கிறது. பெரிய புதிர்களுக்கு நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அந்த ஒற்றை வரியை அங்கே கொண்டுபோனாலும் தப்ப முடியாது. இரண்டு நிலைகள் மட்டும் ஒன்றுக்கொன்று சுற்றிக்கொண்டிருந்தால், முதலாவது வெற்றி என்று ஒரு விடை, இரண்டாவது வெற்றி என்று இன்னொரு விடை, இரண்டையும் தரும். மூன்று நிலைகள் வட்டமாகச் சுற்றினால் விடையே இல்லை என்று சொல்லிவிடும். சமநிலை என்று மட்டும் சொல்லாது.

படி 5: உத்தியை எழுதுவது

வெற்றி எது, தோல்வி எது என்பது பட்டியல். உத்தி என்பது எந்த நிலையில் எதை ஆடுவது. சமநிலையில் இருப்பவருக்கு வேண்டியது ஒன்றே: எதிரியிடம் வெற்றி நிலையைக் கொடுத்துவிடாமல் இருக்க வேண்டும்.

பாதுகாப்பு(_ந, _ம) :- நகர்வு(_ந, _ம), \+ வெற்றி(_ம, அடுத்து(அடுத்து(0))).

இந்த \+ குறியை நம்பலாம். வெற்றிப் பட்டியல் முழுதாக முடிந்துவிட்டது. இனி அதில் இல்லாதது உண்மையிலேயே இல்லாததுதான். எழுதி முடிக்காத பட்டியலில் இல்லை என்று சொல்வதும் முடித்த பட்டியலில் இல்லை என்று சொல்வதும் ஒன்றாகாது.

தர்க்கத்தில் இதற்கென்றே ஒரு மொழி இருக்கிறது. 1997-இல் அலூர், ஹென்சிங்கர், குப்ஃபர்மன் மூவரும் முன்வைத்த காலத் தர்க்கத்தில், ⟪நான்⟫ □ ¬மாட்டினேன் என்று எழுதினால் "எதிரி என்ன செய்தாலும், நான் ஒருபோதும் மாட்டிக்கொள்ளாதபடி ஆட எனக்கு ஒரு உத்தி உண்டு" என்று பொருள். □ இருக்கும் இடத்தில் ◇ போட்டு, பின்னால் எதிரி மாட்டினான் என்று எழுதினால் "என்றாவது ஒருநாள் அவனை மாட்டவைக்க எனக்கு உத்தி உண்டு" என்றாகும். நம் ஆட்டத்தின் தொடக்க நிலையில் முதலாவது இருவருக்கும் உண்மை, இரண்டாவது யாருக்கும் உண்மை இல்லை. ◇ வகைக் கேள்விக்குக் கீழிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், நாம் வெற்றியைச் சேர்த்தது போல. □ வகைக்கு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஆபத்தானதை மட்டும் நீக்கிக்கொண்டே வர வேண்டும்.

படி 6: எங்கே தப்பு பண்ணினேன்?

இனி அக்கா மகனின் கேள்விக்கு வருவோம். தப்பு நகர்வு இருக்கும் நிலைகளை மட்டும் கேட்டேன்: ஒரு நகர்வாவது எதிரிக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுக்கிறதா?

?- நிலை(_ந), நகர்வு(_ந, _ம), வெற்றி(_ம, அடுத்து(0)).

ஆறு விடை வந்தது. இரண்டு ஏற்கெனவே என் வெற்றி நிலைகள். ஜெயிக்கும் நகர்வு கையில் இருக்க, மற்றதை ஆடினால் அடுத்த நகர்வில் எதிரி ஜெயிப்பான். இன்னும் இரண்டு நிலைகள் ஆடிக்கொண்டு போகும்போது வரவே வராது: காலியாக இருக்கும் புள்ளியிலிருந்து எதிரியின் காய் இப்போது இருக்கும் இடத்துக்குக் கோடு இல்லை. மிஞ்சியது ஒரே நிலை, அதன் கண்ணாடி பிம்பத்தோடு சேர்த்து இரண்டு:

[எதிரி, நான், நான், காலி, எதிரி]

என் காய்கள் 2, 3. எதிரி 1, 5. காலி 4. எனக்கு இரண்டு நகர்வு: 2-இலிருந்து 4, அல்லது 3-இலிருந்து 4. இரண்டாவதை ஆடினால் எதிரி 1-இல் இருப்பதை 3-க்கு இறக்குவான். என் காய்கள் 2, 4-இல் நிற்க, காலி 1-இல். முடிந்தது.

தொடக்கத்திலிருந்து அங்கே எவ்வளவு சீக்கிரம் வந்துவிடலாம் என்று பாருங்கள். முதலில் நான், மேல்பக்கம். 1-இலிருந்து 5. அவன் 3-இலிருந்து 1, வேறு வழியில்லை. நான் 5-இலிருந்து 3, எனக்கும் வேறு வழியில்லை. அவன் 4-இலிருந்து 5. இப்போது அந்த நிலை என் முன்னால் இருக்கிறது. நான்கே நகர்வு!

சரியான நகர்வை ஆடினால் என்ன ஆகும்? 2-இலிருந்து 4. அவனுக்கு ஒரே வழி, 5-இலிருந்து 2. இப்போது என் காய்கள் 3, 4-இல், அவன் காய்கள் 1, 2-இல், நடு காலி. இருவரும் பக்கம் மாற்றிக்கொண்டு, தொடக்க நிலைக்கே திரும்பிவிட்டோம்.

எனவே முழு உத்தியும் இவ்வளவுதான்: *எதிரி நடுவிலும் மேல் மூலை ஒன்றிலும் இருக்க, அந்த மூலைக்கு நேர் கீழே உன் காய் ஒன்று இருந்தால், அந்தக் காயை நகர்த்தாதே, மேலே இருக்கும் காயை இறக்கு.* தன் மூலைக்கு நேர் கீழே இருக்கும் அந்த இடத்தில்தான் எதிரிக்குக் கண். அதை நீ காலி செய்தால் அவன் அங்கே இறங்கிவிடுவான்.

இதை அவனிடம் பலகையில் காட்டினேன். "அப்போ நீங்க கீழ இருந்த பொத்தான நகர்த்திட்டீங்க" என்றான். ஆமாம், அதேதான்.

பிற்சேர்க்கை 1: பின்னூட்டத்தில் வந்த எழுத்துப் பிரச்சினைகள்

ஒருவர் எல்லாவற்றையும் அப்படியே தட்டச்சு செய்தும் ப்ரோலாக் முதல் வரியிலேயே பிழை காட்டுகிறது என்றார். அவர் பாமினி எழுத்துருவில் எழுதியிருந்தார். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். யூனிகோடில் தட்டச்சு செய்து, யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

இன்னொருவருக்கு இதைவிட நுட்பமான சிக்கல். தோல்வி என்ற விதி கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு விதியே இல்லை என்று கணினி சொல்கிறது. "தோ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஓகாரக் குறியை ஒரே குறியாக, அல்லது ஏகாரக் குறியும் கால் குறியும் அடுத்தடுத்து. நம் கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு சொல்லாகத் தெரியலாம். அவர் ஒரு வரியை வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார். எல்லாவற்றையும் ஒரே விசைப்பலகையில் மறுபடி அடித்ததும் சரியாகிவிட்டது. கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் உள்ள பெயர்களில் கவனமாக இருங்கள்.

பிற்சேர்க்கை 2: நிலை(_ந) ஏன்?

இந்தப் பதிவை முதலில் போட்டபோது தோல்வி விதிக்குள் நிலை(_ந) இல்லை. "தோல்வி(_ந, 0) என்று கேட்டால் ஃபால்ஸ் வருகிறது, தோற்கும் நிலையே இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். _ந எது என்று தெரியாமல் \+ குறிக்குள் போனால், "எந்த நிலையிலாவது தப்பிக்க முடியுமா?" என்று கேள்வியே மாறிவிடுகிறது. எங்கோ ஒரு நிலையில் தப்பிக்க முடியும், எனவே மொத்தமும் பொய் என்று திரும்பி வருகிறது. மறுப்புக்குள் போகும் முன் மாறிக்கு மதிப்பு கிடைத்திருக்க வேண்டும். அவர் சொன்ன பிறகு விதியைத் திருத்தினேன், மேலே இருப்பது திருத்திய வடிவம். அவருக்கு என் நன்றி.

பிற்சேர்க்கை 3: வேறு மாதிரி அடுக்கினால்?

காய்களை மேல் கீழ் என்று வைக்காமல் இடம் வலம் என்று வைத்துத் தொடங்கலாமா என்று ஒரு கேள்வி. [நான், எதிரி, நான், எதிரி, காலி] என்பது வெற்றிப் பட்டியலில் இருக்கிறது. முதலில் ஆடுபவர் 1-இலிருந்து 5-க்குத் தள்ளினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அப்படித் தொடங்குவதாக இருந்தால் அந்த முதல் நகர்வுக்குத் தடை போட்டுக்கொள்ளுங்கள். இதைச் சரிபார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்:

?- வெற்றி([நான், எதிரி, நான், எதிரி, காலி], அடுத்து(0)).

பிற்சேர்க்கை 4: ஆடுபுலி ஆட்டம்

பலர் கேட்டது இது. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு உள்ள பலகைக்கு இதே விதிகளை எழுத முடியுமா? விதிகளை எழுதலாம், வெற்றி, தோல்வி வரையறை ஒரு எழுத்துகூட மாறாது. ஆனால் இதே மாதிரி ஓட்ட முடியாது. 15 ஆடும் பலகையில் இருக்கும் நிலைகள் மட்டுமே, 3 புலியை வைக்க 1,771 வழி, மீதி 20 புள்ளியில் ஆடுகளை வைக்க 15,504 வழி, பெருக்கினால் 2,74,57,584. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கும் கட்டமும், வெட்டுப்பட்டு ஆடு குறைந்த நிலைகளும் இதற்கு மேல். மேலிருந்து கீழே தேடும் ப்ரோலாக் இதில் மூச்சுத் திணறிவிடும். தோற்ற நிலைகளை ஒரு அட்டவணையில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி நகர்ந்து வெற்றிகளைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். நாம் 2 தோல்வி நிலைகளிலிருந்து 4 வெற்றி நிலைகளுக்கு வந்தது போல, ஆனால் கோடிக்கணக்கில். இப்போது 2 புலி, 4 ஆடு, சின்ன முக்கோணப் பலகை என்று ஒன்றை வரைந்து வைத்திருக்கிறேன். அதில் ஆடு வெட்டுப்பட்ட நிலை திரும்ப வராது, நகர்ந்த நிலை திரும்ப வரும். இரண்டு வகையும் கலந்திருப்பதால் அடுக்குகளைப் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. விதிகள் ஓடத் தொடங்கியதும் இங்கேயே சேர்க்கிறேன்.